எங்கே நின்று பார்ப்பது?

என் பேத்தி தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும்போது செல்போனை நெற்றிக்கு மேலே, கை எட்டும் மட்டும் தூக்கிப் பிடிக்கிறாள். முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, கண்ணை மட்டும் மேலே உயர்த்துகிறாள். "எதற்கம்மா இந்தச் சர்க்கஸ்? நேரே பிடித்தால் என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கீழேருந்து எடுத்தா மூக்குத் துவாரம்தான் தாத்தா தெரியும். மேலேருந்து எடுத்தா கண்ணு பெரிசாயிடும், முகம் ஒல்லியாயிடும்" என்றாள். வயசு பதினான்கு. இதை அவளுக்கு ஒருவரும் பாடம் நடத்தவில்லை. நூறு படம் எடுத்து, தொண்ணூற்றொன்பதை அழித்து, தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அவள் சொன்னது எத்தனை உண்மை என்பது அதே வாரத்தில் எனக்குத் தெரிந்தது. ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் நான் பேசியபோது எடுத்த படம் தபாலில் வந்தது. படம் எடுத்தவர் மேடைக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, என்னை அண்ணாந்து பார்த்து எடுத்திருக்கிறார். படத்தில் எனக்குக் கழுத்தே இல்லை. முகவாய் இரண்டாக இருந்தது. வலது கை, கூட்டத்தை அடக்குவது போல் உயர்ந்திருந்தது. என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "யார் இந்த மந்திரி?" என்று கேட்டாள். அன்று நான் பேசிய பொருள் 'எழுத்தாளனுக்கு வேண்டிய அடக்கம்'.

சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு இது மறக்கக்கூடிய விஷயம் அல்ல. ஒரே மனிதன், ஒரே சட்டை, ஒரே பேச்சு. பார்த்தவர் குந்தி உட்கார்ந்ததால் அவன் வேறு மனிதனாகிவிட்டான். அப்படியானால் நான் எழுதிய மனிதர்களையெல்லாம் எங்கே நின்று பார்த்தேன் என்ற கேள்வி வருகிறது அல்லவா?

முதலில், இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இதில் மாயம் ஒன்றும் இல்லை, கூட்டல் கழித்தல்தான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 சென்டிமீட்டர் ஆழம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காமிரா மூக்குக்கு முன்னால் 25 சென்டிமீட்டரில் இருந்தால் காது 37 சென்டிமீட்டரில் இருக்கிறது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். ஆகவே காதோடு ஒப்பிட, மூக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெருத்துவிடுகிறது. அதே காமிராவை 150 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் காது 162-ல் இருக்கும். வித்தியாசம் நூற்றுக்கு எட்டுதான். மூக்கு தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதற்கு லென்ஸின் மேல் பழி போடுகிறார்கள். குற்றம் லென்ஸினுடையது அல்ல. எவ்வளவு தூரத்தில் நின்றோம் என்பதுதான் காரணம்.

உயரத்தின் கதையும் இதேதான். காமிரா கீழே இருந்தால் முழங்காலும் மார்பும் முகவாயும் கிட்டே வருகின்றன, நெற்றி தூரப் போகிறது. மேலே இருந்தால் தலை பெருத்து, கால் குறுகி, ஆள் தரையோடு தரையாக அமுங்குகிறான். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. காமிராவைத் தாழ்வாக வைப்பது ஒன்று. தாழ்வாக வைத்து அதன் முகத்தை மேலே திருப்பி அண்ணாந்து பார்க்கச் செய்வது வேறொன்று. ஒரு கோபுரத்தைக் காமிராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுத்தால் அதன் இரு ஓரங்களும் உள்ளபடி இருக்கும். அண்ணாந்து எடுத்தால் அவை மேலே போகப் போக இன்னும் நெருங்கி, கோபுரம் பின்னால் சாய்கிறது. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

சினிமாத் தொழிலைப் பற்றிய புத்தகங்களைப் புரட்டினால் ஒரு சூத்திரம் தென்படும்: கீழேயிருந்து எடுத்தால் ஆள் பெரியவன், மேலேயிருந்து எடுத்தால் ஆள் சிறியவன். சூத்திரங்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. இந்தச் சூத்திரத்தை நான்கு படங்களில் வைத்து உரசிப் பார்த்தேன். நான்கும் 1935-க்கும் 1953-க்கும் இடையே வெளிவந்தவை. அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்குள் சூத்திரம் ஒருவரிடம் அரசாண்டு, ஒருவரிடம் பரிகாசப்பட்டு, ஒருவரிடம் தலைகீழாகி, கடைசியில் ஒருவரிடம் தேவையே இல்லாமல் போய்விட்டது.

1934 செப்டம்பரில் ஜெர்மனியில் நூரம்பெர்க் நகரில் நாஜிக் கட்சியின் மாநாடு நடந்தது. அதைப் படம் எடுக்கும் பொறுப்பை ஹிட்லர் லெனி ரீஃபென்ஷ்டால் என்ற பெண்மணியிடம் கொடுத்தார். 'ட்ரையம்ப் ஆஃப் த வில்' என்ற பெயரில் அது 1935-ல் வெளிவந்தது. ஹிட்லர் நடுத்தர உயரமுள்ள ஆள். படத்தில் அப்படித் தெரியமாட்டார். பேச்சாளர் மேடைக்கு முன்னால் குழி வெட்டி, அதற்குள்ளிருந்து அவரை எடுத்தார்கள். பின்னால் வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லாதபடி அவர் நிற்கிறார். இன்னொரு பக்கம், உயரமான கொடிக்கம்பத்தில் ஒரு சிறிய லிஃப்டைப் பொருத்தி, அதில் காமிராவை ஏற்றி, கூடியிருந்த ஜனத்திரளை மேலேயிருந்து எடுத்தார்கள். அங்கே முகங்கள் இல்லை. கோலப்புள்ளிகள் மாதிரி தலைகள், வரிசைகள், சதுரங்கள்.

இந்தப் படத்தின் சாமர்த்தியம் அந்தக் குழியில் மட்டும் இல்லை. குழியையும் கொடிக்கம்பத்தையும் சேர்த்து வைத்ததில் இருக்கிறது. ஒருவனைக் கீழேயிருந்தும் லட்சம் பேரை மேலேயிருந்தும் காட்டிக்கொண்டே போனால், பார்க்கிறவனுக்கு ஒரு வார்த்தை பேசாமலே ஓர் அரசியல் சித்தாந்தம் உள்ளே இறங்கிவிடுகிறது. நடந்ததைத்தான் எடுத்தேன் என்பது அந்த அம்மாளின் வாதம். 2003-ல் 101 வயதில் இறக்கும் வரை அவர் அதை விடவில்லை. நடந்தது நடந்ததுதான். ஆனால் குழி தானாக வெட்டிக்கொள்ளவில்லை. தொழில்திறமை என்று பார்த்தால் அந்தப் படத்தைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் அதைப் பார்க்கும்போது உடம்பு கூசுகிறது.

இதற்குச் சரியான பதில் ஒரு கோமாளியிடமிருந்து வந்தது. சார்லி சாப்ளின் பிறந்தது 1889 ஏப்ரல் 16. ஹிட்லர் பிறந்தது அதே மாதம் 20. நான்கு நாள் மூத்தவர் என்ற உரிமையோ என்னவோ, 1940-ல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் அவர் அந்த மனிதரை ஹிங்கெல் என்ற பெயரில் நமக்குக் காட்டினார். பக்கத்து நாட்டுச் சர்வாதிகாரி நபலோனி விருந்தாளியாக வருகிறான். அவனை எப்படி மட்டம் தட்டுவது என்று மந்திரி ஒரு யோசனை சொல்கிறான்: விருந்தாளிக்குக் குட்டை நாற்காலியாகப் போட்டுவிட்டால், பேசும்போதெல்லாம் அவன் ஹிங்கெலை அண்ணாந்து பார்த்தே ஆக வேண்டும்! நபலோனி அந்தக் குட்டை நாற்காலியைச் சட்டை செய்வதாயில்லை. மேஜையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறான். அப்புறம் இருவரும் சவரக்கடை நாற்காலிகளில் அமர்கிறார்கள். ஒருவன் தன் நாற்காலியை ஒரு பிடி உயர்த்தினால் மற்றவன் இரண்டு பிடி உயர்த்துகிறான். கூரை கிட்டே வரும்வரை இந்தப் போட்டி நடக்கிறது.

விழுந்து விழுந்து சிரிக்கிறோம். ஆனால் சாப்ளின் அப்போது காமிராவை எங்கே வைத்தார் என்று கவனித்தீர்களா? பக்கத்தில், நேராக, சாதாரணமாக ஒரு மனிதன் நின்று வேடிக்கை பார்க்கும் இடத்தில். ஒரு நாற்காலி ஏறுவதையும் மற்றது ஏறுவதையும் ஒரே சட்டத்துக்குள் பார்த்தால்தான் அது ஹாஸ்யம். குழிக்குள் இருந்து பார்த்திருந்தால் அதே காட்சி கம்பீரமாகிவிட்டிருக்கும். சாப்ளினின் காமிராவுக்கு நுட்பம் போதாது என்று சொல்கிற ரசிகர்கள் உண்டு. குழி வெட்டுகிறவர்கள் மலிந்த காலத்தில் தரையில் நேராக நிற்பதே ஒரு நுட்பம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு, 1941-ல், ஆர்ஸன் வெல்ஸின் 'சிட்டிஸன் கேன்' வந்தது. படத்தை எடுத்தபோது வெல்ஸுக்கு இருபத்தைந்து வயது. காமிராவுக்குப் பொறுப்பு கிரெக் டோலண்ட். இவர்களும் குழி வெட்டினார்கள். ஸ்டுடியோவின் தரையைப் பெயர்த்து அதற்குள் காமிராவை இறக்கினார்கள். அண்ணாந்து எடுக்கும்போது கூரை தெரியுமே! அந்நாளில் ஸ்டுடியோ அறைகளுக்குப் பெரும்பாலும் கூரை கிடையாது, விளக்குகள்தான் தொங்கும். மஸ்லின் துணியை இழுத்துக் கட்டிக் கூரை செய்து, அதற்கு மேலே மைக்கை மறைத்து வைத்தார்கள்.

அந்தக் குழியை அவர்கள் எந்தக் காட்சிக்குப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் சூட்சுமம். பத்திரிகைச் சக்கரவர்த்தியான கேன் கவர்னர் தேர்தலில் நிற்கிறான். பெண் விவகாரம் அம்பலமாகித் தோற்றுப்போகிறான். தேர்தல் ஆபீஸில் காகிதக் குப்பை இறைந்து கிடக்கிறது. பழைய சிநேகிதன் குடித்துவிட்டு வந்து, "நீ ஜனங்களை உன் சொத்து மாதிரி நினைக்கிறாய்" என்ற பொருள்பட அவனைக் குத்திப் பேசுகிறான். இந்த நேரத்தில் காமிரா தரை மட்டத்தில் கிடந்து கேனை அண்ணாந்து பார்க்கிறது. சூத்திரப்படி அவன் மாவீரனாகத் தெரிய வேண்டும். உருவம் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அவனுக்குப் பின்னால் ரீஃபென்ஷ்டாலின் வானம் இல்லை, கூரை இருக்கிறது. அது அவன் தலைமேல் உட்கார்ந்து அழுத்துகிறது. எழுந்து நிற்க இடம் போதாத ஒரு பெரிய மிருகத்தைக் கூண்டில் பார்ப்பது போல் இருக்கிறது. அவன் பெரியவனாக இருப்பதே அவனுடைய துக்கம்.

இன்னொரு காட்சியில் வெல்ஸ் தூரத்தை வைத்து விளையாடுகிறார். 1929 நெருக்கடியில் கேன் தன் பத்திரிகைகளின் மேலுள்ள அதிகாரத்தை விட்டுக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. பேசிக்கொண்டே அறையின் பின்பக்கம் நடக்கிறான். அங்கே சாதாரண அளவில் ஜன்னல்கள் தெரிகின்றன. அவன் அவற்றை நெருங்க நெருங்க, ஜன்னலின் அடிப்பக்கமே அவன் தலைக்கு மேலே இருப்பது தெரிகிறது. மகா மனிதன் பள்ளிக்கூடப் பையன் ஆகிவிடுகிறான். ஒரு வார்த்தை வசனம் இல்லை. பத்தடி நடந்தான், அவ்வளவுதான். நாவலாசிரியன் இதற்கு இரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கும். எழுதியும் இப்படி அமையுமா என்பது சந்தேகம்.

ஆனாலும் 'சிட்டிஸன் கேன்' பார்க்கும்போது எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. அடேயப்பா, எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். குழி வெட்டியவரின் கெட்டிக்காரத்தனம் கேனின் தோளுக்குப் பின்னாலிருந்து அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. இளம் வயதில் செய்த காரியம், மன்னிக்கலாம். நானும் என் முதல் நாவலில் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டிப் பார்த்தவன்தான்.

நான்காவது படம் ஜப்பானில் யாசுஜிரோ ஓஸு எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி', 1953. கதை என்று சொன்னால் மூன்று வரி. ஓனோமிச்சி என்ற ஊரிலிருந்து ஒரு வயோதிகத் தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். டாக்டர் பிள்ளைக்கு நேரமில்லை. அழகுக்கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு மனமில்லை. யுத்தத்தில் மாண்ட மகனின் விதவை மனைவி ஒருத்திதான் அன்போடு கவனிக்கிறாள். ஊர் திரும்பியதும் கிழவி இறந்துபோகிறாள்.

இந்தப் படத்திலும் காமிரா தாழ்வாகத்தான் இருக்கிறது. படம் முழுவதும் அப்படித்தான். ஆனால் குழி இல்லை. ஜப்பானிய வீட்டில் பாய் விரித்த தரையில் உட்காருகிறார்கள். உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண்மட்டத்தில், சில சமயம் அதற்கும் சற்றுக் கீழே, காமிரா இருக்கிறது. மனிதக் கண்ணின் பார்வைக்கு நெருக்கமானது என்று சொல்லப்படும் 50 மில்லிமீட்டர் லென்ஸ். அது அண்ணாந்து பார்க்க முயல்வதில்லை, பெரும்பாலும் நேராகவே பார்க்கிறது. ஓரிரு தடவை தவிர நகர்வதும் இல்லை. முன்னே ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இங்கேதான் பலிக்கிறது. தாழ்வாக வைத்து அண்ணாந்து பார்த்தால் எதிரே இருப்பவர் நம்மைவிட உயர்ந்துவிடுகிறார். தாழ்வாக வைத்து நேராகப் பார்த்தால் அவர் நமக்குச் சமமாக எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

மருமகள் தன் ஒற்றை அறையில் மாமனார் மாமியாரை உட்காரவைத்து உபசரிக்கிறாள். அவள் வீட்டில் மதுவும் இல்லை, கிண்ணமும் இல்லை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கி வருகிறாள். அவர்கள் சாப்பிடும்போது விசிறுகிறாள். அந்த அறையில் நாமும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறோம். தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம் உள்ள நமக்கு அந்த உயரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பந்தியில் எதிர்வரிசையில் இருப்பவரைப் பார்க்கும் உயரம் அது. சொந்தப் பெண், வாடிக்கைக்காரியிடம் தாய் தகப்பனை ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று சொல்லிவிடுகிறாள். காமிரா அப்போதும் அவளைக் கடிந்து மேலேயிருந்து பார்ப்பதில்லை. அவளையும் அதே உயரத்திலிருந்துதான் பார்க்கிறது. கிழவி போன பிறகு கிழவர் தனியே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கும் கடைசிக் காட்சியில், வேறு எந்த டைரக்டராக இருந்தாலும் மேலே ஏறி, பெரிய வீட்டில் ஒரு சின்ன மனிதன் என்று காட்டி, நம் கண்ணீரைப் பிழிந்திருப்பார். ஓஸு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர் நின்றுகொண்டா பேசுவார்?

அந்தக் கிழவராக நடித்த சிஷு ர்யூவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது என்று அறிந்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. எழுபது வயசுத் தளர்ச்சியை அவர் உடம்பில் கொண்டுவந்தார். அந்தத் தளர்ச்சிக்கு உரிய மரியாதையைக் காமிராவின் உயரம் கொண்டுவந்தது.

இனி என் சொந்தக் கணக்கு. பல ஆண்டுகளுக்கு முன் பிறர் வீட்டில் சமையல் செய்து பிழைக்கும் ஓர் அம்மாளைப் பற்றிக் கதை எழுதினேன். நல்ல கதை என்று பலர் பாராட்டினார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வாசகர் மட்டும் கார்டு எழுதினார்: "என் தாயார் இருபது வருஷம் பிறர் வீட்டில் சமைத்து என்னைப் படிக்க வைத்தாள். உங்கள் கதையில் அந்த அம்மாள் எட்டு இடத்தில் அழுகிறாள். என் தாயார் ஒரு நாளும் அழுது நான் பார்த்ததில்லை. எஜமானியம்மாள் மாதிரி நடந்துகாட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள். நீங்கள் அவளை நின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போய்விட்டீர்கள்."

எனக்குக் கோபம் வந்தது. ஏழையின் பக்கம் நின்று எழுதியவனுக்கு இந்தப் பேச்சா என்று கார்டை மேஜை டிராயருக்குள் தள்ளினேன். 'டோக்கியோ ஸ்டோரி'யைப் பார்த்துவிட்டு வந்த இரவுதான் அதை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் அவள் பக்கம்தான் நின்றிருக்கிறேன், சந்தேகமில்லை. ஆனால் நின்றிருக்கிறேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பரிதாபம் என்பது மேலேயிருந்து பார்க்கும் கோணம் என்பது அந்தக் கார்டு எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தலைவர்களையும் தியாகிகளையும் குழிக்குள் இருந்து பார்த்து எழுதினோம். ஏழைகளையும் விதவைகளையும் கொடிக்கம்பத்தின் மேலிருந்து பார்த்து எழுதினோம். இரண்டிலும் ஆசிரியருக்கு நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் முழங்காலை மடக்கி உட்காரக் கற்றுத் தருவதில்லை.

எல்லாக் கதையையும் தரையில் உட்கார்ந்தே எழுத வேண்டும் என்று புதிய சூத்திரம் ஒன்றை உங்கள் தலையில் கட்ட எனக்கு உத்தேசம் இல்லை. கேனைப் பார்க்கக் குழி தேவைப்பட்டது; ஹிங்கெலைப் பார்க்க நேராக நிற்கத் தேவைப்பட்டது. நான் கேட்பதெல்லாம், ஒரு படத்தையோ கதையையோ பார்த்து மனம் உருகும்போது அல்லது பிரமிக்கும்போது, நம்மை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை காலடியைக் குனிந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கூடத்தில் அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தாள். பேத்தி நின்றபடியே செல்போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள். நரைத்த தலையும் வளைந்த முதுகும் தெரிந்தன. "ஐயோ பாவம், யாரோ கிழவி மாதிரி இருக்கேன்" என்றாள் மனைவி. பேத்தி அந்தப் படத்தை அழித்தாள். பிறகு பாட்டிக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் கையைத் தூக்கவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. பாட்டி நிமிர்ந்து, "கிட்டே வராதேடி, அரிவாள்மணை இருக்கு" என்று அதட்டினாள். அந்த அதட்டல் அப்படியே படத்தில் விழுந்திருக்கிறது. என் மேஜைமேல் இப்போது இருப்பது அந்தப் படம்தான்.